கோழிக்கு ஆகாத சோளம்

பால் சொசைட்டிக்கு நான் எப்போதும் கடைசி ஆளாகத்தான் போவேன். சீக்கிரமே கறந்து முடித்திருந்தாலும் பால் தூக்குப்போசியை முந்தானையால் மூடிக்கொண்டு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு வரிசையில் சேருவேன். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. ஐந்தாவது வரை படித்தேன். வாத்தியார் எழுப்பிக் கேட்டால் பதில் தெரிந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது முடியெல்லாம் நரைத்துவிட்டது. அந்தப் பழக்கம் மட்டும் நரைக்கவில்லை.

ஆனால் மற்றவர்கள் பேசுவதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். யார் காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிறார்கள், யார் வீட்டு லாரி பாடி கட்ட நாமக்கல்லில் நிற்கிறது, யார் மகள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று வரிசை நகர நகரக் காதில் விழும். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு ஒரு பொழுதுக்குப் போதும். வீட்டில் பேச ஆளில்லை. அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. மகன் ரிக் வண்டியில் போர்க்கிணறு போடப் போகிறவன். வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்கோ ஒரு காட்டில் இருப்பான். மருமகள் பிள்ளைகளின் படிப்புக்காக நாமக்கல்லில் வீடு எடுத்து இருக்கிறாள். என்னோடு இருந்தது ஒரு மாடு. சிவப்பு மாடு, நெற்றியில் வெள்ளை.

அந்த மாட்டால் எனக்கு இன்னொரு வரவும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தினமும் காலையில் பால் வாங்க வருவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். அதில் ஒரு இடத்தில் கல் சரிந்து வழி மாதிரி ஆகிவிட்டது. அந்த வழியாகப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். பிள்ளைக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. நான் மடியில் கை வைத்ததும் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் சின்ன டம்ளரோடு உட்கார்ந்துகொள்ளும். கறந்த சூட்டிலேயே கொடுக்க வேண்டாம், காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும் என்று நான் உள்ளே போய் ஒரு கொதி விட்டு ஆற்றிக் கொண்டுவருவேன். குடித்து முடித்து மேலுதட்டில் வெள்ளை மீசையோடு என்னைப் பார்த்து, "பாலாயா, இன்னும்" என்று கேட்கும். என்னை அப்படித்தான் கூப்பிடும், பாலாயா என்று.

அந்தப் பெண் அரைமணி நேரம் உட்கார்ந்து ஏதாவது பேசிவிட்டுப் போவாள். நான் ம் கொட்டுவேன். "அத்தைகிட்டப் பேசுறதும் செவுத்துகிட்டப் பேசுறதும் ஒண்ணுதான்" என்று சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். அவளிடம்தான் எனக்கு வெட்கம் கொஞ்சம் விலகியிருந்தது.

அவள் புருஷன் கோழிப்பண்ணையில் வேலை. பண்ணைக்காரர்களே வைத்திருக்கும் தீவன மில்லில் மூட்டை இறக்குவது, அரைப்பது என்று எல்லாம் அவன்தான். போன ஐப்பசியில் விடாமல் மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சமயம் ஒரு நாள் சாயங்காலம் அவன் மொபெட்டில் இரண்டு மூட்டை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினான்.

"பெரிம்மா, மாட்டுக்குப் போடுங்க. மக்காச்சோளம்."

"எதுக்கு சாமி இத்தனை?"

"மில்லுல லோடு ஒண்ணு வந்துச்சுங்க. நனைஞ்சு பூசணம் புடிச்சுப்போச்சு. செக் பண்ணிப்போட்டு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. லாரிக்காரன் திருப்பிக் கொண்டுபோக மாட்டேன்னு ஓரமா கொட்டிட்டுப் போயிட்டான். எடுத்துக்கிறவங்க எடுத்துக்கலாம்னாங்க, உங்க நெனப்பு வந்துச்சு."

நான் மூட்டை வாயை அவிழ்த்துப் பார்த்தேன். ஈரத்துணியைப் பெட்டிக்குள் வைத்து மறந்துபோனால் வருமே, அந்த வாசம். சோளத்தின் மூக்குப் பக்கம் பச்சையும் சாம்பலுமாகப் பொடி அப்பியிருந்தது.

"கோழிக்கே ஆகாதுங்கறாங்களே சாமி?"

"கோழி வகுறு சின்னதுங்க பெரிம்மா. அதுக்கு லேசா ஒத்துக்காட்டியும் முட்டை கொறஞ்சு போயிரும், மொதலாளி கண்டுபிடிச்சிருவாரு. மாட்டுக்கு என்னங்க, அது எதைத் தின்னாலும் அரைச்சுப்போடும். நல்லாக் காயவெச்சுப் பொடைச்சுப் போட்டுருங்க."

எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் நினைப்பது. கோழி என்றால் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி, மாடு என்றால் உரல் மாதிரி. கோழிக்கு ஒரு மணி சோளத்தைக்கூட மருந்து ஊற்றிப் பார்த்துத்தான் போடுவார்கள். மாட்டுக்கு வீணான கடலைப் புண்ணாக்கு, ஊசிப்போன சோறு, மக்கிப்போன சோளத்தட்டு, எது மிஞ்சினாலும் தொட்டியில் விழும். என் மாமியார் காலத்திலும் அப்படித்தான்.

மழை விட்டு வெயில் வந்ததும் சோளத்தை வாசலில் பரப்பிக் காயவைத்தேன். முறத்தில் போட்டுப் புடைத்தபோது பச்சைப்பொடி பறந்தது. தும்மித் தும்மி மூக்கு எரிந்தது. காய்ந்த பிறகு சோளம் பொன் மாதிரி ஆகிவிட்டது. வாசம்கூடப் போய்விட்டது. மாவு மில்லில் கொடுத்துக் குருணையாக உடைத்து, தினமும் தண்ணீரில் ஊறவைத்து வைத்தேன். மாடு தொட்டியை நக்கித் துடைத்தது. பால்கூட ஒரு சுற்று ஏறின மாதிரி இருந்தது. பிள்ளை "இன்னும்" என்று கேட்டபோதெல்லாம் ஊற்றினேன்.

ஒரு நாள் காலையில் சொசைட்டியில் என் முறை வந்ததும், கேனில் என் பாலை ஊற்றாமல், அளந்து வாங்கும் பால்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க ஆத்தா, உங்க மாட்டுக்கு என்னங்க தீனி போடுறீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சூடானது.

"சோளத்தட்டுங்க. புண்ணாக்கு. மக்காச்சோளம்."

"அதாங்க. நம்ம ஊர்ப் பால்ல டாக்சின் காட்டுதுன்னு மேல இருந்து வண்டியோட திருப்பிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தர் பாலையும் தனியா எடுத்துட்டுப் போய்ப் பாத்தாங்க. உங்க பால்லதான் இருக்குதாம். பூசண நஞ்சுங்க. தீனியில இருக்கறது மாட்டு வகுத்துக்குள்ள போய்ப் பாலுல எறங்கீருது."

யாரோ பின்னாலிருந்து, "ஆத்தா கோழித்தீனி போட்டிருக்குதுப்பா. இனி மாடு முட்டை போடும் பாரு" என்றார்கள். சிரித்தார்கள். எப்போதும் சிரிக்கிறவர்கள்தான். நான் அந்த இடத்தில்தான் தினமும் நின்று அவர்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன். என்னைப் பற்றி அங்கே பேச்சு வந்தது அன்றைக்குத்தான்.

"நான் நல்லாக் காய்ச்சித்தானுங்க குடுப்பேன்" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொசைட்டிக்குக் காய்ச்சியா ஊற்றுவார்கள்? எனக்குப் பிள்ளையின் ஞாபகம்தான்.

"காய்ச்சுனாலும் போகாதுங்காத்தா. தயிராத் தோய்ச்சாலும் அப்பிடியேதான் இருக்கும். ஒரு நாள் ரெண்டு நாள்ல ஒண்ணும் பண்ணாதுங்க. நாள்பட நாள்பட ஈரலுக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சின்னப் புள்ளைகளுக்கு முக்கியமாக் குடுக்கக்கூடாதாம். சோளம் எங்க வாங்குனீங்க?"

கேள்வி என்னவோ சாதாரணமாகத்தான் வந்தது. எனக்கு மொபெட் கண்முன் வந்தது. பெரிம்மா, உங்க நெனப்பு வந்துச்சு என்றவன் முகம் வந்தது. அவன் பேரைச் சொன்னால் அந்தச் சிரிப்பு அத்தனையும் அவன் பக்கம் திரும்பும். மில் வரைக்கும் போகும்.

"சந்தையிலங்க" என்றேன்.

"இனிமேப் போடாதீங்க. தீனிய மாத்திப்போட்டுக் கொஞ்ச நாள் கழிச்சுக் கொண்டாங்க, பாத்துக்கலாம்."

தூக்குப்போசியைத் திருப்பி எடுத்துக்கொண்டு நடந்தேன். பாலோடு திரும்பி வருவது எத்தனை கனம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது அவள் பிள்ளையோடு சுவர் வழியில் நின்றிருந்தாள். அன்று விடியக்காலையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததால் பிறகு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். பிள்ளை டம்ளரை நீட்டியது.

"இன்னைக்கு வேண்டாஞ்சாமி. பாலு சரியில்லையாம்."

"ஏனுங்க அத்தை, மாட்டுக்கு மேலுக்கு முடியலைங்களா?"

"பூசணம் புடிச்ச தீனியாம். நஞ்சு பாலுல எறங்குதாம். பாப்பாவுக்குக் குடுக்கக்கூடாதுன்னாங்க."

 அவள் முகம் வெளுத்தது. பிள்ளை கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, இடுப்பில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். பிள்ளை என் பக்கம் கையை நீட்டி அழுதுகொண்டே போனது. மறுநாளிலிருந்து அவள் வீட்டு வாசலில் பாக்கெட் பால் உறை கிடந்தது.

பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பயப்படாமல் இருப்பாளா? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள் என்றும், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள் என்றும் காதில் விழுந்தது. நான் போய்க் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சுவர் வரைக்கும் போவேன்.  திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன்.

மீதிச் சோளத்தை யாருக்கும் கொடுக்க முடியாது, அவனிடம் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. கொல்லையில் எருக்குழிக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தேன். காக்கா கிளறாமல் இருக்க மேலே கல் வைத்தேன். கறந்த பாலையும் எருக்குழியில்தான் ஊற்றினேன். மாடு மடி கட்டினால் கத்துமே, கறக்காமல் இருக்க முடியுமா? பாலை மண்ணில் ஊற்றிப் பழக்கமில்லாத கை.  பூனை வந்து நக்கிவிடப் போகிறதே என்று சாணியைத் தள்ளி மூடினேன்.

அந்தப் பாலை நானும்தான் இத்தனை நாள் குடித்திருந்தேன். காலையில் காபி, ராத்திரி மோர்ச்சோறு. அதை யாரும் கேட்கவில்லை. எனக்கே அது ரொம்ப நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

தீனியை மாற்றினேன். புதுப் புண்ணாக்கை உடைத்துப் பார்த்து, மோந்து பார்த்து வாங்கினேன். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்தேன். மறுபடி பாலைக் கொண்டுபோகலாமா என்று நினைப்பதற்குள் மாட்டுக்குச் சினை ஏழு மாதம் ஆகிவிட்டது. பாலை வற்றவைக்க வேண்டிய நேரம். வற்றவைத்துவிட்டேன். ஆகவே என் பால் தேறியதா இல்லையா என்று யாருக்குமே தெரியாமல் போயிற்று. கடைசியாக ஊர் கேட்டது நஞ்சு என்பதுதான்.

பால் இல்லாத மாதங்கள் எனக்கு நீளமானவை. விடிந்ததும் எழுந்துவிடுவேன், போக இடமில்லை. சொசைட்டிப் பக்கம் கேன் மோதுகிற சத்தம் கேட்கும். புளியமரத்துப் பக்கம் வெறுங்கையோடு போய் நின்றால் என்னவென்று கேட்பார்கள். போகவில்லை. மகன் போனில், "மாட்ட வித்துப்போட்டு நாமக்கல்லுக்கே வந்துரும்மா, அங்க தனியா என்னதான் பண்ற?" என்றான். "சினைமாடுப்பா" என்றேன். அது ஒரு காரணம் என்று அவனும் விட்டுவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் சில சமயம் பிள்ளையின் குரல் கேட்கும். பேச்சு நன்றாகத் திருந்திவிட்டது. பாலாயா என்று மட்டும் கேட்கவில்லை. அவள் புருஷனும் மொபெட்டில் போகும்போது என் வாசல் வந்ததும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போவான்.

மாசியில் ஒரு நாள் முற்பகலில் மாடு கன்று போட்டது. கிடேரி. அம்மா மாதிரியே சிவப்பு, நெற்றியில் வெள்ளை. நான் ஒருத்தியாகவே துடைத்து நிறுத்திப் பால் ஊட்டினேன். கன்று வயிறு நிறையக் குடித்தும் மடி நிறையச் சீம்பால் இருந்தது.

எங்கள் ஊரில் சீம்பாலைத் தனியாகச் சாப்பிடுகிற வழக்கம் இல்லை. வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் அவித்து, துண்டு போட்டு அக்கம்பக்கம் கொடுத்து அனுப்ப வேண்டும். வாங்குகிறவர்கள் பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள். கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். கொடுக்காமல் இருந்தால் பால் நஞ்சு என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. கொடுத்தால், வாங்குவார்களா? அவித்து இறக்கிவிட்டு அடுப்புப் பக்கமே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எதிர்வீட்டுக்குப் போனேன். "கன்னு போட்டுருச்சுங்களா? என்ன கன்னுங்க?" என்று சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். சர்க்கரையும் போட்டுத் தந்தார்கள். பிற்பகல் தவிடு வாங்கக் கடைக்குப் போகும்போது பார்த்தேன். அவர்கள் வீட்டு நாய்த்தட்டில் மஞ்சளாகத் துண்டுகள் கிடந்தன. நாய் தின்றுவிட்டு என்னைப் பார்த்து வாலாட்டியது. நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டாம் என்றுதான் முடிவு செய்தேன். ஆனால் எடுத்து வைத்த கிண்ணம் எதிரே இருந்தது. பொழுது சாயும் நேரம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சரிந்த கல் வழியாகப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"கன்னு போட்டிருக்குது" என்றேன்.  கிண்ணத்தை நீட்டினேன்.

அவள் வாங்கினாள். வாங்கினவள் திடீரென்று அழுதாள்.

"ஏனுங்க அத்தை, சோளம் எங்க ஊட்டுக்காரர் குடுத்ததுதானுங்களே? சந்தையிலன்னு எதுக்குங்க சொன்னீங்க?"

"என்னத்தையோ சொன்னேன் சாமி. விடு."

"நீங்க கொல்லையில குழி தோண்டிப் பொதைச்சதை நான் செவுத்துக்கு இந்தப் பக்கமிருந்து பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். எம்புள்ளைக்கு நாங்களே கொண்டாந்து குடுத்த மாதிரி ஆயிப்போச்சேன்னு அவருக்கும் எனக்கும் ஊட்டுல பேச்சே இல்லைங்க கொஞ்ச நாளு. உங்க மூஞ்சியில எப்பிடி முழிக்கறதுன்னுதானுங்க நான் வரலை."

நான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெட்கமாம். வெட்கத்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவள் யார்? சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் அதே வெட்கத்தோடு இத்தனை மாதம் உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தைத் திறந்தாள். பிள்ளை ஓடிவந்து எட்டிப் பார்த்தது. அவள் ஒரு துண்டை எடுத்துவிட்டு, கொடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்குக் குடுக்கலாமுங்களா அத்தை?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் அத்தனை மாதம் காத்திருந்தேன். குடு சாமி என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாள். நான் மோந்து பார்த்துத்தான் புண்ணாக்கு வாங்கினேன். ஆனால் பொன் மாதிரி காய்ந்த சோளத்தையும் நான் மோந்து பார்த்தேனே.

"வேண்டாஞ்சாமி. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. சொசைட்டியில பாலக் குடுத்துப் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் பாப்பாவுக்குக் குடுக்கலாம்."

அவள் அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கிண்ணத்தில் சர்க்கரை போட்டுத் தந்தாள்.

சீம்பால் நாள் கழிந்து பால் தெளிந்ததும் சொசைட்டிக்குக் கொண்டுபோனேன். அன்றைக்குப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. நேராக வரிசையில் நின்றேன். பால்காரர் பாட்டிலில் கொஞ்சம் தனியாக எடுத்துக்கொண்டு, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். மறுபடி ஒரு நாள் போனபோது, "ஆத்தா, உங்க பாலு சுத்தமா இருக்குதுங்க. தைரியமா ஊத்துங்க" என்றார். பின்னாலிருந்தவர்கள் மரவள்ளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. நல்ல சொல் அத்தனை சத்தமாக விழாது போலிருக்கிறது.

மறுநாள் காலையில் அவள் பிள்ளையோடு வந்தாள். நான் காய்ச்சி ஆற்றி, அதே சின்ன டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தேன். பிள்ளை வளர்ந்துவிட்டது, டம்ளர் அதன் கைக்குச் சின்னதாகத் தெரிந்தது. ஒரு வாய் குடித்தது. முகத்தைச் சுளித்து டம்ளரை என்னிடமே நீட்டியது.

"வேண்டாம். நாத்தம்."

"ஏய், பாலாயா குடுத்ததுடி! குடி சாமி!" என்று அவள் பதறினாள். "பாக்கெட் பாலையே குடிச்சுப் பழகிட்டாளுங்க அத்தை. நாளைக்குக் குடிச்சுக்குவா."

"ஆகட்டும் சாமி. அதுக்கென்ன" என்றேன்.

பிள்ளை அதற்குள் கன்றுக்குட்டியிடம் போய்விட்டது. அதன் நெற்றி வெள்ளையைத் தொடுவதும், அது தலையை ஆட்டியதும் கத்திக்கொண்டு ஓடி வருவதும், மறுபடி போவதுமாக இருந்தது. அவள் கல்லில் உட்கார்ந்து புருஷனைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் ம் கொட்டினேன். கையில் டம்ளர் அப்படியே இருந்தது. பிள்ளை குடித்த மீதியை, சூடு முழுக்க ஆறிப்போவதற்கு முன்னால், நான் குடித்தேன்.